மாடிப்படி மூச்சும் மூன்று வேளை மாத்திரையும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் அழைத்தபோது, "டாக்டர், இருபது நிமிஷம் மருத்துவம் பத்திப் பேசுங்க. ஆனா சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மட்டும் வேண்டாம். ரெண்டு வருஷமா அதையே கேட்டு, மத்தியானச் சாப்பாட்டுல ஜாங்கிரி வைக்கவே கை நடுங்குது" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் பிரஷரை அடியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கையில் பட்டை கட்டி அளக்க முடியாத ஒரு பிரஷரைப் பற்றிப் பேசுகிறேன். நுரையீரலுக்குள் ஏறும் ரத்த அழுத்தம். ஆங்கிலத்தில் பல்மனரி ஹைபர்டென்ஷன் என்பார்கள்.

காலையில் நம்முடைய பழைய விலங்கியல் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க இரண்டாவது மாடி ஏறினோம். அந்த நாளில் இரண்டிரண்டு படியாகத் தாவினவர்கள்தான் நாம். இன்றைக்குத் திருப்பத்தில் ஒரு கூட்டமே நின்று, சுவரில் இருக்கும் கல்வெட்டைப் படிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தது. நானும் அதில் ஒருவன். "வயசாச்சுய்யா" என்று சிரித்துக்கொண்டோம். பெரும்பாலும் உண்மை அதுதான். வயது, எடை, நடக்காத உடம்பு. ஆனால் மாடிப்படியில் வாங்குகிற எல்லா மூச்சும் வயதால் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதே ஆய்வுக்கூடத்தில்தான் பி.யு.சி.யில் தவளையின் இதயத்தைப் பார்த்தோம். தவளைக்கு மூன்று அறை, மனிதனுக்கு நான்கு என்று ஆசிரியர் சிவப்பு, நீலச் சாக்பீஸால் படம் போடுவார். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இடப்பக்க இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. அங்கே அழுத்தம் 120/80 என்பது எல்லோருக்கும் தெரியும். வலப்பக்க இதயம் அதே அளவு ரத்தத்தை, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டரை, நுரையீரலுக்குள் அனுப்புகிறது. அங்கே சராசரி அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் 14 மில்லிமீட்டர் பாதரசம், அவ்வளவுதான். நுரையீரல் ரத்தக்குழாய்கள் அத்தனை இளக்கமானவை. அதனால் வலது கீழறையின் சுவரும் மெல்லியதாகவே அமைந்திருக்கிறது.

இந்தக் குழாய்கள் சுருங்கினால், சுவர் தடித்தால், உள்ளே சதை வளர்ந்து வழி அடைபட்டால், அழுத்தம் ஏறும். ஓய்வில் சராசரி 20-ஐத் தாண்டினாலே நோய் என்பது இன்றைய கணக்கு. 1973-இல் ஜெனீவாவில் கூடிய வல்லுநர்கள் 25 என்று வைத்தார்கள். 2018-இல் நீஸ் நகரில் கூடிய மாநாட்டுக்குப் பின் அது 20 ஆனது. தரைத்தொட்டிக்குத் தண்ணீர் விட வாங்கின சின்ன மோட்டாரை ஐந்தாவது மாடித் தொட்டிக்கு ஏற்றச் சொன்னால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் முனகிக்கொண்டு ஏற்றும். அப்புறம் சூடேறி நின்றுவிடும். வலப்பக்க இதயத்தின் கதையும் அதுதான். முதலில் மூச்சு வாங்கும், பிறகு கால் வீங்கும், வயிறு உப்பும், திடீரென்று மயக்கம் வரும். கையில் அளக்கிற பிரஷர் மட்டும் நல்ல பிள்ளையாக 110/70 காட்டும்.

1978-இல் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வார்டில் ஒரு இளம்பெண். உதடு நீலம், கழுத்து நரம்பு புடைத்துத் துடிக்கிறது. டிகாக்சின், சிறுநீர் கழியும் மாத்திரை, ஆக்சிஜன் - எங்கள் அலமாரியில் இருந்தது அவ்வளவுதான். எங்கள் பேராசிரியர் வராந்தாவுக்கு அழைத்துப்போய், "இதுக்கு மருந்து இல்லப்பா, மரியாதையாப் பேசு, அதுதான் வைத்தியம்" என்றார். அந்தப் பெண் நான்கு மாதம்கூட இருக்கவில்லை. காரணம் தெரியாமல் வரும் வகையில், கண்டுபிடித்த பிறகு பாதிப்பேர் மூன்றாண்டுகூட இருப்பதில்லை என்று பின்னர் 1980-களில் அமெரிக்காவில் திரட்டிய பதிவேடு காட்டியது. 2.8 ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பேராசிரியர் சொன்னது அன்றைக்கு உண்மை. இன்றைக்கு உண்மையில்லை. நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கைக் கதை. 1965-இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளில் அமினோரெக்ஸ் என்ற மாத்திரை வந்தது. பசியை அடக்கி உடம்பை இளைக்க வைப்பதற்கு. கொஞ்ச நாளில் அங்கே நுரையீரல் ரத்த அழுத்த நோயாளிகள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். 1968-இல் மாத்திரையை விலக்கினார்கள். ஜெனீவாக் கூட்டம் கூடியதற்கே இந்த விபரீதம்தான் தூண்டுகோல். அப்புறமும் பாடம் படிக்கவில்லை. ஃபென்ஃப்ளூரமைன் என்ற இன்னொரு இளைப்பு மாத்திரை இதயத்தையும் நுரையீரல் குழாயையும் கெடுத்து 1997-இல் சந்தையிலிருந்து போனது. மாணவ மாணவியரே, ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று யாராவது பொடியோ மாத்திரையோ நீட்டினால், அமினோரெக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு வருவோம். ரத்தக்குழாயின் உள்பூச்சு, அதாவது எண்டோதீலியம், வெறும் சுண்ணாம்புப் பூச்சு மாதிரிதான் என்று நாங்கள் படித்த காலத்தில் நினைத்தோம். அது ஒரு தொழிற்சாலை என்று பிறகுதான் தெரிந்தது. குழாயை விரிக்கச் சொல்லும் பொருளையும் அதுதான் சுரக்கிறது. சுருக்கச் சொல்லும் பொருளையும் அதுதான் சுரக்கிறது. இந்த நோயில் விரிப்பது குறைகிறது, சுருக்குவது கூடுகிறது. மருந்துகள் எல்லாம் இந்தக் கணக்கை நேர்செய்யப் பார்க்கின்றன. மூன்று வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசல் புரோஸ்டாசைக்ளின். 1976-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். வேன் 1982-இல் நோபல் பரிசு பெற்றார். அதே பொருளை மருந்தாக்கி எபோப்ரோஸ்டினால் என்று பெயரிட்டார்கள். ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்களே. ஆகவே நெஞ்சில் ஒரு குழாயைப் பொருத்தி, இடுப்பில் சிறு பம்பைக் கட்டி, இரவு பகல் விடாமல் ஏற்ற வேண்டும். 81 நோயாளிகளை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். பழைய வைத்தியம் மட்டும் பெற்ற குழுவில் 8 பேர் இறந்தார்கள். புது மருந்து பெற்ற குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. அமெரிக்காவில் 1995-இல் அனுமதி கிடைத்தது. இந்த நோயில் ஆயுளைக் கூட்டிக் காட்டிய முதல் மருந்துச் சோதனை அது. பிறகு தோலுக்கடியில் ஏற்றும் டிரெப்ரோஸ்டினில், மூச்சில் இழுக்கும் ஐலோபிராஸ்ட், 2015-இல் செலக்ஸிபேக் மாத்திரை என்று இந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது.

இரண்டாவது வாசல் எண்டோதீலின். இது சுருக்குகிற சாமி. 1988-இல் ஜப்பானில் சுக்குபா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அதன் வேலையைத் தடுக்கும் போசென்டான் 2001-இல் வந்தது. பிறகு ஆம்பிரிசென்டான், மாசிடென்டான். போசென்டான் சாப்பிட்டால் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை வேண்டும். இந்த வகை எதையும் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, சிசுவைப் பாதிக்கும்.

மூன்றாவது வாசல் நைட்ரிக் ஆக்சைடு. வண்டிப் புகையில் இருக்கிற வாயுதான். அது நம் ரத்தக்குழாயே சுரந்து, குழாயை விரிக்கும் தூதன் என்று காட்டிய மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தூதன் கொண்டுவரும் சேதியை ஒரு நொதி அழித்துவிடுகிறது. அந்த நொதியின் கையைக் கட்டிவைக்கும் மருந்துதான் சில்டெனாஃபில். ஆம், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அதே மாத்திரைதான். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வுக்கூடத்தில் இதய வலிக்காக அதைச் சோதித்தார்கள். இதய வலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. பக்க விளைவு ஒன்று மட்டும் சோதனைக்கு வந்த ஆண்களுக்குப் பிடித்துப்போனது. 1998-இல் வயாக்ரா என்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த நொதி நுரையீரல் குழாய்களிலும் நிறைய இருக்கிறது. 2005-இல் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு என்று அனுமதி கிடைத்தது: 20 மில்லிகிராம், தினம் மூன்று வேளை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நம்மோடு பி.யு.சி. படித்த ஒரு தோழனின் மகள். அவன் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லு என்று அவனும் அந்தப் பெண்ணும் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டு. அவளுக்கு 26 வயது, கல்யாணமாகி ஆறு மாதம். என் கிளினிக்குக்கு வந்து, "மாமா, மாடி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றாள். நான் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளுப்பு. "ரத்தம் கம்மிம்மா" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தாள், குறையவில்லை. ஈசனோபில் என்றேன், இழுக்கிற மருந்து கொடுத்தேன். அடுத்து வந்தபோது, புகுந்த வீட்டுக் கவலையாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்த உரைக்கு அர்த்தமில்லை. எட்டாவது மாதம் தண்ணீர்க் குடத்தோடு முற்றத்தில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான் ஸ்டெதாஸ்கோப்பைச் சரியான இடத்தில் வைத்துக் கேட்டேன். இதயத்தின் இரண்டாவது சத்தம் கதவை அறைகிற மாதிரி கேட்டது. எட்டு மாதமும் அது அப்படித்தான் கேட்டிருக்கும். நான்தான் கேட்கவில்லை.

சென்னைக்கு அனுப்பினேன். எக்கோ எடுத்தார்கள். ஆனால் எக்கோ மதிப்பீடுதான். உறுதி செய்வதற்கு வலப்பக்க இதயத்துக்குள் குழாய் விட்டு அளக்க வேண்டும். 1929-இல் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய இளம் டாக்டர் தன் கை நரம்பிலேயே குழாயை நுழைத்துக்கொண்டு எக்ஸ்-ரே அறைக்கு நடந்துபோன துணிச்சலின் பேரன் இந்தச் சோதனை. அதற்காக அவர் 1956-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பெண்ணுக்குச் சராசரி அழுத்தம் 58 இருந்தது.

சில்டெனாஃபில் எழுதினார்கள். அதற்குள் நம் நாட்டுக் கம்பெனிகள் அதைத் தயாரித்துக் கொண்டிருந்ததால் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது. மூன்றே வாரத்தில் ஒரு மாடி நிற்காமல் ஏறினாள். ஆனால் இரண்டு மாதம் கழித்து, கால் இரண்டும் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறி வந்தாள். மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. ஏன்? மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்த பையன் பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறான். "பொம்பளைக்கு எழுதியிருக்காங்கடா" என்றிருக்கிறான். வாங்கப் போன கணவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு அவர் போகவில்லை. வீட்டில் மாமியாரிடம் என்னவென்று சொல்வது? அந்தப் பெண்ணும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் மறுபடி எகிறும். உயிரே போகலாம். அந்த முறை ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்தாள். ஒரு சிரிப்பு ஒரு உயிரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கணவரை உட்காரவைத்து, தவளை இதயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் படம் போட்டுச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "இதை முதல்லயே என்கிட்ட யாராவது சொல்லியிருந்தா, நான் தலை நிமிர்ந்து வாங்கிட்டு வந்திருப்பேனே சார்" என்றார். அதுவும் என் தப்புதான். அன்று முதல் இந்த மாத்திரை எழுதும் ஒவ்வொரு சீட்டிலும், "இது நுரையீரல் ரத்தக்குழாய்க்கான மருந்து" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். ஊரில் இருந்த கடைகளுக்கு ஒரு நாள் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு ஆம்பிரிசென்டானையும் சேர்த்தார்கள். ஒரு வாசல் மட்டும் திறப்பதைவிட, இரண்டை ஆரம்பத்திலேயே சேர்த்துத் திறப்பது நல்லது என்று 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதில் ஆம்பிரிசென்டானையும் டடாலாஃபிலையும் ஒன்றாகக் கொடுத்தவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் பாதியாகக் குறைந்தது. கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்தப் பெண் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. அந்த வருத்தத்தை எந்த மாத்திரையும் விரிக்காது. ஆனால் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள், தலைமையாசிரியர் கொடுத்த தரைத்தள வகுப்பில்.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் சோடாடெர்செப்ட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மற்றவை குழாயை விரிக்கின்றன. இது குழாய்ச் சுவரில் செல்கள் கட்டுமீறி வளர்வதையே அடக்கப் பார்க்கிறது. நாலாவது வாசல் என்று சொல்லலாம். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. விலை சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாதது.

இதைக் கேட்டதும் எனக்கு வேறொரு மூன்று வார ஊசி ஞாபகம் வந்தது. தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு, மறுபடி வந்து வால்வைக் கெடுக்காமலிருக்க, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடுகிறோம். நாற்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விலை சொற்பம். அந்த ஊசி தவறி, மைட்ரல் வால்வு சுருங்கினால், ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரல் அழுத்தம் ஏறும். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கும் காலாகாலத்தில் ஓட்டையை அடைக்காவிட்டால் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் அடைக்கவே முடியாமல் போகும். ஆகவே இந்த நோய்க்கு ரொம்ப மலிவான மருந்து, அது வருமுன் போடுகிற அந்தப் பென்சிலின்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நுரையீரல் அழுத்தம் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் எல்லோருக்கும் இந்த மாத்திரைகள் கிடையாது. நோயை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு எடுத்த பதிவேட்டில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் இடப்பக்க இதய நோய். அவர்களுக்கு வால்வையும் இதயத்தையும் கவனிப்பதுதான் வைத்தியம். குழாயை விரித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட்டு, விறகடுப்புப் புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கு அதற்கான சிகிச்சையும் ஆக்சிஜனும். ரத்தக்கட்டி அடைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து. தகுதியானவர்களுக்குக் கட்டியை எடுக்கும் அறுவை சிகிச்சை குணமே தரலாம். சாதாரண பிரஷர் மாத்திரைகளில் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற சில, கதீட்டர் சோதனையில் தேறிய மிகச் சிலருக்கு மட்டும் அற்புதமாக வேலை செய்யும், மற்றவர்களுக்குக் கெடுதல். ஆகவே, "அவருக்கும் மூச்சு வாங்குச்சாம், இதைத்தான் குடுத்தாங்களாம்" என்று அடுத்தவர் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் நைட்ரேட் வைப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

முடிக்கச் சொல்லிச் செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஜாங்கிரியும் காத்திருக்கிறது. மூன்றே வேண்டுகோள்.

டாக்டராகிவிட்ட, ஆகப்போகிற நம் கல்லூரிப் பிள்ளைகளே, இளம்பெண் ஒருத்தி மூச்சு வாங்குது என்று இரண்டாம் முறை வந்தால், ரத்தக்குறைவு, மனக்கவலை என்று எழுதுமுன் ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ பாருங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் தோழர்கள் நம்மில் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். சீட்டைப் படியுங்கள், முகத்தைப் பார்த்துக் கொடுங்கள், கடைப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள்.

மற்றவர்களே, வீட்டில் யாராவது படியேற முடியவில்லை என்றால், சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். போன வருஷம் நிற்காமல் ஏறின படியில் இந்த வருஷம் ஏன் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். இன்று காலை திருப்பத்தில் என்னோடு நின்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.